பகலில் நடத்திய ராத்திரி

அண்ணி இறந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவருடைய பொறுமையைப் பற்றியே பேசினார்கள். அண்ணிக்குப் பொறுமை அவ்வளவாகக் கிடையாது. ஒரே கேள்விக்கு இரண்டாவது தடவையும் மழுப்பலாகப் பதில் வந்தால் பேனாவை மூடிவிடுவார்.

சோலார் கடை ஒன்றில் அவருக்கு வேலை. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய், எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும், மாடியில் எத்தனை பேனல் வேண்டும் என்று சொல்ல வேண்டும். மின்சார பில்லை வாங்கிப் பார்ப்பார், ஆனால் அதை மட்டும் நம்பமாட்டார்.

"மாசத்துக்கு எவ்வளவுன்னு பில் சொல்லும் தம்பி. ராத்திரிக்கு எவ்வளவுன்னு சொல்லாது. வீட்டுக்காரங்களைக் கேட்டா அதைவிட மோசம். ஏசி வெச்சிருக்கிறவங்க, போடறதே இல்லைன்னு சொல்வாங்க."

அதனால் அந்தக் குடும்பத்தையே பகலில் ஒரு ராத்திரி நடத்தச் சொல்வார். ஜன்னல்களைச் சாத்தி, விளக்கைப் போட்டு, மெயினை அணைத்து, கடையிலிருந்து கொண்டுபோன பேட்டரியில் வீட்டை ஓடவிடுவார். அளவுக்கருவியோடு கூடத்தில் உட்கார்ந்துகொள்வார். "தூங்கற மாதிரி நடிக்கணுமா?" என்று சிரிப்பவர்களிடம், "நடிக்க வேண்டாம், படுங்க" என்பார்.

எங்கள் வீட்டுக்கும் அந்த நாள் வந்தது. அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், இரவு முழுக்க ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் கரண்ட் இரவில்தான் போகும்; விடியும்வரை வராமலும் இருக்கும். கைவசம் இருந்த சிலிண்டர் பாதி இரவுக்குக்கூடக் காணாது. அண்ணியின் கணக்கு பிசகினால் அப்பாவுக்கு மூச்சு முட்டும்.

இடமும் தாராளமாக இல்லை. மாடியில் ஒரு பாதியில் பக்கத்துக் கட்டடத்தின் நிழல். மறு பாதியில் அம்மாவின் துணிக்கொடிகள்.

விடுமுறை நாள் காலையில் எல்லாரும் படுத்தோம். அண்ணன் படுத்ததும் நிஜமாகவே குறட்டை விட்டான். "இவருக்கு மட்டும் ஒத்திகையே தேவையில்லை" என்றார் அண்ணி. அப்பா முன்னறையில் மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு, ராத்திரி சாத்துவதுபோலக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியம் அளவைப் பார்த்தபோது, செலவான கரண்ட் நாங்கள் நினைத்ததில் பாதிகூட இல்லை.

"அப்ப சின்னதா போட்டா போதும்ல? என் கொடி தப்பிச்சுது" என்றார் அம்மா.

"இருங்க அத்தை. மெஷின் ஒண்ணு மட்டுமே இதைவிடக் கூட இழுக்கும்."

கருவியின் திரையில் கோடு ஏறி, இறங்கி, மறுபடி ஏறியிருந்தது. அண்ணி முன்னறைக்குப் போனார்.

"மாமா, மெஷினை நிறுத்தினீங்களா?"

அப்பா மேலே ஃபேனைக் காட்டினார். "அப்பப்ப. பேட்டரி தீர்ந்துட்டா உங்க எல்லாருக்கும் ஃபேன் நின்னுடும்ல. காலையில வேலைக்குப் போறவங்க. என் ஒருத்தனுக்காக வீடே முழிச்சிருக்கணுமா?"

அண்ணன் குறட்டையில் மெஷின் நின்றது யாருக்கும் கேட்கவில்லை. "கூறு இருக்கா உங்களுக்கு?" என்று அம்மா பிடித்துக்கொண்டார். அண்ணி அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"பெரிய பேட்டரியா வெச்சா அதையும் மிச்சம் பிடிப்பார் தம்பி. இந்த வயசுல அவரைத் திருத்த முடியாது. பேட்டரியைப் பிரிச்சிடலாம்."

மெஷினுக்குத் தனி பேட்டரி. வேறு எந்த ஸ்விட்சுக்கும் அதோடு தொடர்பு கிடையாது. ஃபேனுக்கும் விளக்குக்கும் இன்னொன்று, சிறியது. வானம் மூடிய நாளிலும் மெஷின் பேட்டரிதான் முதலில் நிரம்ப வேண்டும். அந்தக் கணக்குக்குக் கொடி இருந்த இடம் முழுவதும் தேவைப்பட்டது.

"துணியை எங்க காயப்போடறதாம்?"

"பேனலை உசரத் தூக்கி வைக்கச் சொல்றேன் அத்தை. அடியில கொடி கட்டுங்க. சாயமும் போகாது."

"நல்லா பேசக் கத்துக்கிட்டே" என்றார் அம்மா. சம்மதித்ததாக எடுத்துக்கொண்டோம்.

எல்லாம் பொருத்திய அன்று அண்ணி அப்பாவை அந்த பேட்டரிக்கு முன்னால் கூட்டிப்போனார்.

"இது உங்க மெஷினுக்கு மட்டும் மாமா. நீங்க நிறுத்தினாலும் எங்க ஃபேனுக்கு ஒரு பொட்டு கரண்ட் வராது."

"மிச்சமானா?"

"சும்மா கிடக்கும். மறுநாள் வர்ற வெயிலுக்கு உள்ளே இடமில்லாம அதுவும் வீணாகும்."

எதுவும் வீணாவது அப்பாவுக்குப் பிடிக்காது. "அப்ப ஓடட்டும்" என்றார். அதன்பின் இரவில் அவர் அதை அணைத்ததில்லை.

அண்ணியை எரித்துவிட்டு வந்த அன்றும் கரண்ட் போனது. அப்பா குழாயை மாட்டிக்கொள்ளாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மாறி மாறிச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அண்ணன் உள்ளே போய், "வீணாகுதுப்பா" என்றான்.

அப்பா குழாயை எடுத்து மாட்டிக்கொண்டார்.