பிளாஸ்டிக் உரிக்காத டிரம் செட்

போன வாரம் உத்திரமேரூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டிரம்ஸ் மாஸ்டர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. தேர்வு செய்பவர்களில் அடியேனும் ஒருவன். எனக்கும் டிரம்ஸுக்கும் என்ன சம்பந்தம்? பத்திரிகையில் எழுதுகிறேனாம்... போதாதா?

நடு ஹாலில் புத்தம் புது டிரம் செட். சந்தனம், குங்குமம் எல்லாம் ஆகியிருந்தது. ஆனால் சுற்றிய பிளாஸ்டிக் கவரை உரிக்கவில்லை. தாளாளர் வீட்டு சோபாவும் அப்படித்தான், நான்கு வருடமாக.

தாளாளர் கையில் இன்டர்நெட்டில் எடுத்த ஒரு தாள். செட்டின் பாகங்களும் பெயர்களும். அதுதான் பரீட்சை.

முதலில் டை கட்டிய ஓர் இளைஞர். கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். "பாஸ் டிரம், ஸ்னேர், டாம், ஃப்ளோர் டாம், ஹை-ஹாட், கிராஷ், ரைடு." தாளாளர் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். நூற்றுக்கு நூறு.

அடுத்து எஸ்தர். பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பவள். மற்ற நாளில் அம்மாவோடு நாற்று நடப் போகிறாள். இந்த வேலை கிடைத்தால் சேற்றை விட்டுக் கரையேறலாம்.

"இத்த காலால மிதிக்கணும் சார். இது நடுவுல வெக்கிறது, சரசரன்னு கேக்கும். இது ரெண்டு தட்டு, மிதிச்சா வாய மூடிக்கும். பெரிய தட்டு அங்க கீது பாருங்க, பாட்டு ஏறும்போது ஒண்ணு போடணும்."

"பேரைச் சொல்லும்மா."

"பேரு தெரியாது சார். அடிச்சுக் காட்டட்டா?"

"கவர் கிழிஞ்சிடும்."

அடிக்கவே விடாமல் டிரம்ஸ் வாசிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் மூளை எங்கே கிடைக்கிறது? நானாவது வாயைத் திறந்தேனா? இல்லை. தட்டில் வைத்த மிக்சரைத் தின்றுகொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

டை கட்டியவருக்கே வேலை.

நேற்று தாளாளர் போன் செய்தார். குரலில் சுருதி இறங்கியிருந்தது. ஆண்டு விழா நெருங்குகிறது. மாஸ்டர் பிரமாதமாக உட்காருகிறாராம், பாகங்களை அழகாக விளக்குகிறாராம். வாசிக்கத்தான் வரவில்லையாம்.

"சார், அந்தப் பொண்ணை அன்னிக்கு ஒரு நாள் வரச் சொல்லுங்களேன். திரைக்குப் பின்னாடி சர்ச் செட்டை வச்சு வாசிக்கட்டும். முன்னாடி மாஸ்டர் சும்மா கையை ஆட்டுவாரு. புது செட்டுக் கவரும் கிழியாது பாருங்க."

எப்படி... ஒரே கல்லில் எத்தனை மாங்காய்! அதையும் எஸ்தருக்குப் போன் போட்டுச் சொன்னேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அவள் கோபப்படவில்லை. வயலில் இருந்தாள் போலிருக்கிறது, பின்னால் பெண்கள் பேச்சு கேட்டது. நிதானமாகச் சொன்னாள்.

"அவரே திரைக்குப் பின்னாடி நின்னுக்கினு மைக்ல பேரெல்லாம் சொல்லட்டும் சார். நான் முன்னாடி குந்திக்கினு அடிக்கிறேன். வேலைக்கு ஆர்டர மட்டும் மொதல்ல குடுத்துடச் சொல்லுங்க."

ஓர் எழுத்து மாற்றாமல் தாளாளரிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை என் வாயில் மிக்சர் இல்லை.