மெதுவாக ஓடிய கேசட்

என் சித்தி லினெட் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் வெட்டுகிறாள். காலை ஆறு மணிக்கு வெள்ளைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டு நின்றால், மதியம் இரண்டு வரை முள்ளிலிருந்து சதையைப் பிரித்துக்கொண்டே இருப்பாள். இருபத்தெட்டு வருடமாக இந்த வேலை. அதற்கு முன் ஏழு வருடம் அவள் கோல்ட் ஸ்டோர் என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தாள்.

வானொலி அவர்களை அதிகம் சீண்டியதில்லை. கல்லூரிப் பிள்ளைகள் கேசட்டில் பதிந்து, கைமாற்றிக் கேட்ட குழு அது. இரண்டு ஆல்பம் வந்தது. பிறகு ஒரு பழைய வேனின் எஞ்சினோடு சேர்ந்து குழுவும் நின்றுபோனது. சித்தி அந்த நாட்களைப் பற்றிப் பேசமாட்டாள், பேசியதெல்லாம் அம்மாதான். தொண்ணூற்று இரண்டில், லீட்ஸில் தரைக்குக் கீழே இருந்த ஒரு சின்ன அரங்கில், கூட்டத்தின் வியர்வை ஆவியாகிக் கூரையிலிருந்து டிரம்ஸ் மேல் சொட்டியதாம். சித்தி நிறுத்தவில்லையாம். அவள் பாட்டை வாசிப்பதில்லை, துரத்துவாள் என்பாள் அம்மா. மற்ற மூவரும் பிடிபடாமல் ஓட வேண்டியதுதான்.

நான் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றினேன். போர்ட்டோ நகரில் ஒரு மதுக்கடைச் சுவரில் சித்தி குழுவின் இரண்டாவது ஆல்பத்தின் உறை தொங்கியது. "இது என் சித்தி" என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். ஊர் திரும்பியதும் சித்தியிடம் சொன்னேன்.

"கண்ணாடி போட்டு மாட்டியிருந்தானா?"

"இல்ல சித்தி, சும்மா ஆணியில."

"அப்ப நம்மளப் புரிஞ்சவன்தான்."

சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தாள். ஒரே இடத்தை ரொம்ப நேரம் துடைத்தாள்.

போன ஜனவரியில் குழுவின் பாடகர் டங்கனிடமிருந்து ஒரு தபால் வந்தது. உள்ளே ஒரு கேசட், ஒன்பது புதுப் பாட்டு. எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்று எழுதிய சீட்டு. அடியில் ஒரு வரி: மே மாதம் பதிவு, பழைய நாலு பேரும்.

"இந்தக் காலத்துல யாரு சித்தி கேசட் அனுப்புவா?"

"போன்ல அனுப்பினா யாரும் உட்காந்து கேக்கமாட்டோமாம். அப்பவும் இப்படித்தான் ஆளுக்கொண்ணு அனுப்புவான். கிறுக்கன், மாறவே இல்ல." முகம் முழுக்கச் சிரிப்பு.

கேசட் போட வீட்டில் பெட்டி இல்லை. பழைய பொருள் கடையில் நான் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தேன். வேலை முடிந்து வந்ததும் சித்தி கார் ஷெட்டுக்குள் போய்விடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக டிரம்ஸ் மேல் துணி போர்த்தியிருக்கும். முதல் வாரம் கேசட்டோடு சேர்ந்து வாசித்தாள். இரண்டாம் வாரம் வலது மணிக்கட்டில் கட்டு வந்தது. கத்தி பிடித்துப் பிடித்து அந்தக் கை சுழல மறந்திருந்தது. மூன்றாம் வாரம் கேசட்டை நிறுத்திவிட்டுத் தனியாக வாசித்தாள், பாதி வேகத்தில்.

"இந்தப் பொட்டி ரொம்ப வேகமா ஓடுதுடி" என்றாள்.

அவள் குளிக்கப் போனபோது டங்கனின் சீட்டையும் கடிகாரத்தையும் வைத்துப் பார்த்தேன். பெட்டி நொடி பிசகாமல் ஓடியது. சீட்டை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

மே மாதம் அவளைக் காரில் பக்கத்து ஊரான கிளீதார்ப்ஸுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பழைய தேவாலயத்தைப் பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், யாருக்கு எவ்வளவு முடி மிச்சம் என்று எண்ணிக்கொண்டார்கள், முதல் பாட்டை ஆரம்பித்தார்கள். அரை நிமிடம் தாங்கவில்லை. ஆளுக்கொரு வேகம், ஆளுக்கொரு சுதி.

விஷயம் இதுதான். டங்கனைத் தவிர மூவரும் மூன்று பழைய பெட்டியில் கேட்டுக் கற்றிருந்தார்கள். கிடார் வாசிக்கும் பிம்முடைய பெட்டி வேகமாக ஓடுவது. அவர் அரைச் சுதி மேலே நின்றார். பேஸ் கிடார்க்காரர் ராஸின் பெட்டி நடுநடுவே இழுக்கும். அந்த இழுவையையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தார்.

"அது டங்கன் வேணும்னே வச்சதுன்னு நெனச்சேன்யா" என்றார் ராஸ். "நல்லாத்தான் இருந்துச்சு."

பதிவை நடத்திய ஓவனுக்கு வயது முப்பது இருக்கும். அவர் சிரிக்கவில்லை.

"காதுல மெட்ரோனோம் போட்டுக்கலாம், டிக் டிக்னு தாளம் எண்ணிக் குடுக்கும். கேசட்டுல இருக்கிற வேகந்தான், ரெக்கார்டு கம்பெனிக்குப் பிடிச்சதும் அதுதான்." பிறகு சித்தியைப் பார்க்காமல் சொன்னார். "வியாழக்கிழமை லீட்ஸ்லேருந்து ஒரு டிரம்மர் வர முடியும். தேவைப்பட்டாதான்."

தேவைப்பட்டால் என்றால் என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அன்று செவ்வாய்க்கிழமை.

மெட்ரோனோமோடு சித்தி மூன்று முறை முயன்றாள். மூன்றாவது தடவை குச்சி கையிலிருந்து நழுவி உருண்டது. ராஸ் காலால் தடுத்து எடுத்துக் கொடுத்தார்.

"எங்கிட்ட இருந்த பொட்டி மெதுவா ஓடும்" என்றாள் சித்தி, வீட்டில் வேகமாக ஓடுகிறது என்று சொன்ன அதே பெட்டியைப் பற்றி. "நான் அப்படியே கத்துக்கிட்டேன்."

"எங்க அந்தப் பொட்டி?" என்றார் டங்கன்.

"கார்லதான் இருக்கு" என்றார் பிம். "வரும்போது பின் சீட்டுல பாத்தேன்."

சித்தி என்னைப் பார்த்தாள். போய் எடுத்து வந்தேன், வேறு வழியில்லை. டங்கன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டைப் போட்டார். எங்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. சித்தி குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பாட்டு முழுவதையும் அவர் கேட்டார்.

"ஆமா" என்றார் ஹெட்போனைக் கழற்றி. "ரொம்ப மெதுவாத்தான் ஓடுது. சுதியும் ஒரு படி எறங்கிக் கேக்குது."

நான் சித்தியைப் பார்க்கவில்லை.

"குடுங்க, நான் கேக்கிறேன்" என்று ஓவன் கை நீட்டினார். டங்கன் கேசட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இதுதான் தம்பி பாட்டோட சரியான வேகம். எழுதினவன் நான் சொல்றேன். பிம், சுதிய எறக்கு."

"நான் இப்பத்தானேடா ஏத்தினதையே சரி பண்ணேன்."

"எறக்குன்னா எறக்கு."

சித்தியின் வேகத்தில் வாசித்தார்கள். துரத்தல் எல்லாம் இல்லை. வேலை முடிந்து ஒரு ஆள் துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு நடப்பதுபோல, அவசரமில்லாமல் கனமாக வந்தது. டங்கனின் குரல் கீழே இறங்கி எதையும் எட்டிப் பிடிக்கத் தேவையில்லாமல் நின்றது. காலையில் உச்ச வரி வரும்போதெல்லாம் அவர் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி இருமியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முடிந்ததும் ஓவன் லீட்ஸுக்குப் போன் செய்து வியாழக்கிழமை வர வேண்டாம் என்றார்.

தேநீருக்கு வெளியே வந்தோம். மதில் மேல் உட்கார்ந்து டங்கன் தொண்டை மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"உண்மையிலேயே கேட்டியா?" என்றாள் சித்தி.

"கேட்டேனே."

"எவ்வளவு மெதுவா இருந்துச்சு?"

"உன் கைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு." மாத்திரையைக் கன்னத்தின் மறுபக்கம் தள்ளினார். "என் தொண்டைக்கு இன்னும் கொஞ்சம் வேணும். அடுத்த பாட்ட இன்னும் மெதுவான பொட்டியில கேட்டதாச் சொல்லேன், லின்."

"நான் ஒண்ணும் அவ்வளவு கெழவி ஆயிடல. எந்திரி, உள்ள வா."

கோப்பையில் மிச்சமிருந்த தேநீரைப் புல்லில் ஊற்றிவிட்டு அவள் முன்னால் போனாள். டங்கன் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு பின்னால் போனார்.