தொங்காவிலிருந்து வந்த லெய்த்தி

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள் ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தேன். என்னோடு வேலை செய்தவள் பசிபிக் கடலிலுள்ள தொங்கா நாட்டுக்காரி. நோர்வேக்காரரை மணந்த அக்காவின் பின்னால் வந்தவள். அகன்ற தோள், கனத்த குரல், எப்போதும் காதில் தொங்கட்டான். அவளுடைய கடவுச்சீட்டில் ஆண் என்றிருந்தது. அதனால் பொறுப்பாளர் ஆண்களின் அறைகளையே அவளுக்கு ஒதுக்குவார்.

ஹம்மர்பெஸ்டிலிருந்து வந்த மீனவரின் விதவை ஒருத்தி அங்கே இருந்தாள். ஆண்கள் கிட்ட வந்தாலே கத்துவாள். ஆனால் கூடத்தில் வைத்துத் தன் தலையை வாரிப் பின்னத் தொங்காக்காரியை மட்டும் விடுவாள். ஒருநாள் என்னிடம் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"தலை பின்னுற பிள்ளையை வரச்சொல்லு."

பொறுப்பாளர் தயங்கினார். "அவவுக்கு விஷயம் தெரியவேணும்."

"நானே சொல்லுறன்" என்று தொங்காக்காரி கிழவியின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"நான் பிறக்கேக்கை பெடியன். என்னைப் போல ஆக்களை எங்கடை ஊரிலை லெய்த்தி எண்டுவினம். சின்னனிலையே அம்மாவோடை சமைச்சு, பாய் இழைச்சு வளந்தனான். அம்மா படுக்கையிலை விழுந்தாப்பிறகு கடைசிவரைக்கும் நான்தான் பாத்தனான்."

"ஊரிலை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டாள் கிழவி.

"சொல்லாமல் விடுவினமோ? சேர்ச்சடியிலை சிரிப்பினம். பெரியண்ணன் அடிச்சவர். ஆனால் கலியாணம் எண்டால் பொம்பிளையை அலங்கரிச்சு வெளிக்கிடுத்த என்னைத்தான் தேடுவினம்."

கிழவி என்னைப் பார்த்தாள். "நீ என்ன சொல்லுறாய்?"

"எனக்கு இவ பொம்பிளைதான்" என்றேன்.

தொங்காக்காரி சிரித்தாள். "இல்லை, லெய்த்தி. அது வேறை."

கிழவி கதிரைப் பிடியை ஊன்றி எழும்பினாள். "எனக்கொண்டும் விளங்கேல்லை. தண்ணி ஆறப்போகுது, வா."

கிழவியின் மகள் கேள்விப்பட்டுக் கோபத்தோடு வந்தாள். "குளிக்கிறது நான்" என்று கிழவி அவள் வாயை அடைத்துவிட்டாள். அதன்பிறகு, விரும்பிக் கேட்ட பெண்களின் அறைகளுக்கும் தொங்காக்காரி போகத் தொடங்கினாள். கேட்காதவர்களும் இருந்தார்கள். அது அவளுக்கு வலித்தது. உடை மாற்றும் அறையில் அழுதுவிட்டு, முகம் கழுவி, வேலைக்குத் திரும்புவாள்.

ஒரு ஞாயிறு லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். புட்டைக் குழைத்தபடி, "தமிழிலை என்னைப் போல ஆக்களை என்னெண்டு சொல்லுவியள்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தவையெல்லாம் தெருவில் ஏச்சாகக் கேட்ட சொற்கள். என் கணவர் கறிச்சட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நல்ல சொல்லொண்டு எனக்குத் தெரியாது" என்றேன்.

"பரவாயில்லை. லெய்த்தி எண்டதும் எங்கடை சொல் இல்லை. இங்கிலீசு லேடிதான் எங்கடை வாயிலை அப்பிடி வந்தது. நாங்கள் எடுத்து வைச்சுக்கொண்டம்."

"அப்ப நாங்களும் அதையே வைச்சிருப்பம்" என்றார் இவர்.

அவள் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினாள். நான் இன்னும் கொஞ்சம் புட்டுப் போட்டேன்.