ஆடாத ட்ரைபொட்டும் அளக்க வந்தவனும்

“...அளந்து முடிச்சிட்டு நீங்க ஜீப்புல ஏறிப் போயிருவீங்க மினிந்தோரு மாத்தயா. நாங்க எங்க போறது? அதச் சொல்லிட்டு அளங்க!”

மினிந்தோரு என்றால் சிங்களத்தில் சர்வேயர், மாத்தயா என்றால் ஐயா. நானா? ஜீப்பா? யட்டியாந்தோட்டையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவன் நான். கடைத்தெருவில் பாத்திரக் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்ப்பேன். அவ்வளவுதான்.

ஆனால் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பார்வதியக்கா, பால் வாளியோடு என் டெலஸ்கோப்பை மறித்து நின்றார். காரணம், அதைத் தாங்கி நின்ற ட்ரைபொட்.

அதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் கொதிக்க வேண்டியிருக்கிறது.

டெலஸ்கோப்பின் கண்ணில் சின்ன டிஜிட்டல் கெமராவை ஒட்டிப் பிடித்துப் படம் எடுப்பதற்கு டிஜிஸ்கோப்பிங் என்று பெயர். தூரத்துப் பறவை பக்கத்தில் வரும். நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். கொழும்பில் ஒருவர் என் தலையில் கட்டிய ட்ரைபொட் இறகு மாதிரி லேசு. “பாறை மாதிரி நிக்கும் சேர்” என்றார். நின்றதா? ஈ உட்கார்ந்தால் ஆடியது! காலின் கடைசித் துண்டு பென்சில் பருமன். அதை இழுத்தால்தான் கண்ணுயரம் வரும்... இழுத்தால் ஆடும். நடுத்தண்டை உயர்த்தினால் இன்னும் மோசம். கடையின் டைல்ஸ் தரையில் எதுதான் நிற்காது?

வாங்கப் போகிறவர்களே — டெலஸ்கோப்பைக் கையோடு கொண்டுபோங்கள். மேலே பூட்டி, ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் உடனே அடங்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

லேசாகவும் ஆடாமலும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது: கார்பன் கால். விலையைக் கேட்டுவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கடைசியில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரின் பழைய மர ஸ்டாண்டை வாங்கி, டெலஸ்கோப் பூட்டும்படி தலையை மாற்றி வைத்துக்கொண்டேன். மஞ்சள் பெயின்ட் கால்கள், கூரான இரும்பு நுனி. மண்ணில் குத்தினால் அசையாது. தோள்பட்டை கழன்றாலும் பரவாயில்லை என்று தூக்கி வந்தேன். ஓடைக்கு அக்கரையில், மரப்பொந்தின் வாயைப் பூசி அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பெட்டைக்கு ஆண் இருவாச்சி பழம் ஊட்டுகிறதே, அதைப் படம் எடுக்க.

“அக்கா, நான் குருவி பாக்க வந்தவன்.”

“நம்ம தோட்டத்து மேல் டிவிஷனுக்கு வந்தவனும் சும்மா வந்தேன்னுதான் சொன்னான். இதே மஞ்சக் காலு. அப்புறம் என்னாச்சு? எங்க மதினி மரக்கறிப் பாத்திக்கு நடுவுல கம்பி வேலி!”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு சனம் இருக்கிற இடத்தை அளக்க வருகிறவன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று, இன்ன காரியத்துக்கு வந்திருக்கிறோம் என்றால் வாய் தேய்ந்துவிடுமா? மூன்று கால் ஸ்டாண்டைக் கண்டாலே வாளியோடு ஓடிவந்து மறிக்கும்படி இவர்களை வைத்தது யார்?

“நீங்களே பாருங்கக்கா” என்று விலகினேன்.

ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். “அடியாத்தி... பொண்டாட்டிய உள்ள வச்சுப் பூசிட்டு ஊட்டியும் விடுறானா? எங்க வீட்டு ஆளு ஊட்ட வேணாம் தம்பி, ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுத்தாப் போதும்!”

மாத்தயாவாக இருந்தவன் தம்பியாகிவிட்டேன். இருவரும் சிரித்தோம்.

பிறகு கைப்பிடியைத் தானே பிடித்து மெல்லத் திருப்பினார். பொந்திலிருந்து கிளைக்கு, கிளையிலிருந்து அக்கரைச் சரிவுக்கு. அங்கே நின்றுவிட்டது. ஸ்டாண்ட் அசையவில்லை. அவரும் அசையவில்லை.

“அது எங்க மரவள்ளிதான். நடுவுல செவப்பா என்னா அது? காலைல பால் வெட்டப் போனப்ப இல்லையே?”

நான் பார்த்தேன். நிலம் அளப்பவர்கள் எல்லைக்கு அடிக்கும் முளைக்கட்டைகள். தலையில் புதுச் சிவப்புப் பெயின்ட். அவருடைய மரவள்ளித் தோட்டத்துக்குள் வரிசையாக இறங்கியிருந்தன.

என் முகமே சொல்லியிருக்கும்.

பால் வாளியை என் காலடியில் வைத்தார். “பாத்துக்கங்க, கவுந்துரப் போவுது.” சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார்.

இருவாச்சியை நான் விட்டுவிட்டேன். டெலஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்தது — பார்வதியக்கா முதல் கட்டையை இரண்டு கையாலும் பற்றி, அசைத்து அசைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.