"அவனே மூச்சு விடட்டும்" என்ற பாப்பாக்கா

பாப்பாக்கா... நீங்கள் போய்விட்டீர்களாம். இன்று காலை தேக்கா மார்க்கெட்டுக்குப் போனபோது, உங்களோடு வார்டில் வேலை பார்த்த சிஸ்டர் சொன்னார். காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இவர் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பாப்பாக்கா என்பது அம்மாக்கள் நாங்கள் வைத்த பெயர்.

என் மகன் ரொம்ப சீக்கிரம் பிறந்துவிட்டான். மூச்சு இழுத்தால் நெஞ்சு உள்ளே போகும்... விலா எலும்பெல்லாம் தெரியும்.

தொண்டையில் டியூப் போடவில்லை. நுரையீரலுக்கான மருந்தை நூல் மாதிரி ஒரு குழாயில் கொடுத்தார்கள். பிறகு மூக்கில் சின்ன மாஸ்க், அதில் மெதுவாகக் காற்று. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "பெரிய மெஷின் இருக்குல்ல சிஸ்டர், அத ஏன் வைக்க மாட்டேங்கிறீங்க?"

நீங்கள் சொன்னீர்கள்: "பக்கத்துலதான்ணே இருக்கு. தேவைன்னா டாக்டர் உடனே வச்சிடுவாரு. பிஞ்சு நுரையீரல்ணே, மெஷின் தள்ளுற காத்துல புண்ணாயிடலாம். இப்போ அவனே மூச்சு விடறான்ல, விடட்டும்."

தோலோடு தோல் ஒட்டினால் அவனுக்குச் சூடு கிடைக்கும் என்று, அவனை வெறும் நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொன்னீர்கள். ஆபரேஷன் தையல் வலியில் என்னால் முடியவில்லை, வீல்சேரில் சாய்ந்து கிடந்தேன். என் வீட்டுக்காரரோ மசாலா அரைக்கும் கடையிலிருந்து நேராக வந்திருந்தார்.

"மிளகாத்தூளோட வராதீங்கண்ணே. நான் தும்மலாம், அவன் தும்மக் கூடாது. குளிச்சிட்டு வாங்க லா." அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மாஸ்க்கோடு அவனை அவர் நெஞ்சில் வைத்தீர்கள். கொஞ்ச நேரம்தான்... மானிட்டர் கத்தியது. அவன் உதடு நீலமானது. நெஞ்சு அசையவில்லை.

"எடுங்க சிஸ்டர், எடுத்துடுங்க" என்றார் அவர்.

நீங்கள் எடுக்கவில்லை. குனிந்து மாஸ்க்கைச் சரிசெய்து, ஒரு விரலால் அவன் பாதத்தைத் தேய்த்தீர்கள். "டேய் தம்பி, மூச்சு விடுறா. அப்பா பயப்படுறாரு பாரு."

ஓடி வந்த டாக்டர், தொண்டையில் போடும் டியூபைக் கையில் எடுத்துவிட்டார்.

அவன் ஒருமுறை இழுத்தான்... பிறகு ஒன்றுமில்லை... மறுபடி இழுத்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. டாக்டர் டியூபைக் கீழே வைத்தார்.

இப்போது அவன் வாயைத் திறந்தால் மூடுவதில்லை. அவன் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைச் சாத்திக்கொள்கிறார்.

போய் வாருங்கள் அக்கா. நாளை உங்களை வழியனுப்ப மண்டாய் தகனச்சாலைக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம்.

அன்று உங்கள் விரல் நடுங்கவே இல்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளுக்குள் உங்களுக்கும் பயமாக இருந்ததா?