அப்பாவுக்குக் கால் வைத்த அட்டை

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே விஜிதாவின் ஸ்டூடியோவில் அதிகம் அச்சாவது கண்ணீர் அஞ்சலிதான். கம்ப்யூட்டர் வேலையை யாரும் சொல்லிக்கொடுக்காமல் தட்டித் தட்டித் தானே கற்றவள் அவள். ஓரத்தில் மயிரிழை பிசகினாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்வாள். லுணுகலையிலிருந்துகூட ஆட்கள் தேடி வருவார்கள்.

அன்று காலை மடுல்சீமை பஸ்ஸிலிருந்து இறங்கிய யோகமலர், மகள் கேசினியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். சமையல் வேலை என்று நம்பி வெளிநாடு போய் ஏமாந்த புருஷன் நிருபன், பனி கொட்டும் தேசத்தில் பட்டாளத்துச் சட்டையோடு நிற்கிறான். போனைப் பிடுங்கிவிட்டார்களாம், ஒரு மாதமாகக் குரலே இல்லை. முகாம் விலாசம் நேற்றுத்தான் கிடைத்தது. மகளும் அப்பாவும் சேர்ந்திருக்கிற மாதிரி ஒரு அட்டை, இன்றைய தபாலிலேயே போயாக வேண்டும்.

விஜிதாவுக்குக் கை பரபரத்தது. கேசினியை நிறுத்திப் படமெடுத்தாள். நிருபனின் பழைய படம் மார்பளவுதான். அதை வெட்டி, மகளின் தலைக்கு மேலே மேகத்துக்குள் வைத்து, பின்னால் வெளிச்சம் பரப்பி, திரையைத் திருப்பிக் காட்டினாள்.

யோகமலரின் முகம் வெளுத்துப்போனது. "என்னக்கா, உசிரோட இருக்க மனுசனுக்கு அஞ்சலி அடிச்சிருக்கீங்க?"

விஜிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கை பழக்கத்தில் போய்விட்டிருந்தது. மேகத்தைத் துடைத்தாள், வெளிச்சத்தைத் துடைத்தாள், தோட்டத்து லயத்து வீட்டுப் படமொன்றைப் பின்னால் போட்டு, அப்பாவை அதன் வாசலில் மகளுக்குப் பக்கத்தில் இறக்கினாள்.

கேசினி உற்றுப் பார்த்தாள். "அப்பாவுக்குக் கால் எங்க?"

மார்புக்குக் கீழே ஒன்றுமில்லை. அதற்குள் பக்கத்துத் தபால் கந்தோர் வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது. விஜிதா வங்கிக் காவல்காரரிடம் பூட்ஸை இரவல் வாங்கி, பக்கத்துப் போன் கடை ஸலீமை இழுத்துவந்து மாட்டச் சொன்னாள்.

"என்ட காலையா தங்கச்சி பட்டாளத்துக்கு அனுப்புறீங்க?"

"தொப்பைய வெட்டிருவேன், ஸலீம் நானா. ஆடாம நில்லுங்க."

யோகமலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஸலீமின் இடுப்பும் காலும் நிருபனோடு ஒட்டுத் தெரியாமல் சேர்ந்ததும் அட்டை சூடாக வெளியே வந்தது. பின்பக்கம் கேசினி எழுதினாள்: "அப்பா, கால் ஸலீம் மாமாவோடது. நீங்க உங்க காலோட வாங்க."

வேன் நகரத் தொடங்கியிருந்தது. முத்திரை ஒட்டிய அட்டையோடு இரவல் பூட்ஸ் தடதடக்க ஓடிய ஸலீம், கதவைத் தட்டி நிறுத்திக் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

அதன்பிறகு மடுல்சீமை பஸ் வரும்போதெல்லாம் விஜிதாவின் கண் வாசலுக்குப் போய் வந்தது. ஒரு மழை நாளில் யோகமலர் போனைத் தூக்கிப் பிடித்தபடி, பஸ் நிற்குமுன்னே குதித்து வந்தாள்; பின்னாலேயே கேசினி. யாருடைய போனிலிருந்தோ வந்திருந்த படத்தில் நிருபன் கூடாரத்துக்குள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, இரண்டு வெறுங்காலையும் கேமராவுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தான்.

"விரல் எல்லாம் இருக்கு, எண்ணிட்டேன்" என்றாள் கேசினி.

ஸலீம் எட்டிப் பார்த்து, தன் கால்தான் அழகு என்றார். அச்சடிக்கப் படத்தைத் திரையில் ஏற்றியதும் விஜிதாவின் கை, வழக்கம்போல் மார்புக்குக் கீழே வெட்டப் போனது. சட்டென்று எடுத்துக்கொண்டாள். பாதத்தோடு முழுதாக, பெரிய தாளில் அடித்துக் கொடுத்தாள்.