எதிராளி வராத கடைசிச் சுற்று

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'மூச்சக்கா' என்று பெயர். எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க அவள் பேசுவது இரண்டே வசனம்: "மூச்ச இழுத்துப் புடிங்க", "இப்ப விடுங்க". ஊரார் நெஞ்சையெல்லாம் வருடக்கணக்காகப் படம் பிடித்தவளின் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்பது அவள் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். செஸ்ஸில் ஒரு பட்டம் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது.

பெண்களுக்கான சர்வதேச மாஸ்டர் பட்டம். அதை யாரும் தாம்பாளத்தில் வைத்து நீட்டிவிட மாட்டார்கள். முதலில் ரேட்டிங் ஒரு கோட்டைத் தாண்ட வேண்டும். ஒருதரம் தாண்டினால் போதும், பிறகு சறுக்கினாலும் பாதகமில்லை. அதைக் கல்யாணத்துக்கு முன்பே தாண்டிவிட்டாள். அதுபோக மூன்று 'நார்ம்' வேண்டும். வெளிநாட்டுக்காரர்களும் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களும் கலந்திருக்கும் போட்டியில் ஒன்பது ஆட்டம் ஆடி, நானும் இந்த வரிசையில் உட்காரக்கூடியவள்தான் என்று நிரூபித்தால் ஒரு நார்ம். முதலாவதையும் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியாயிற்று. இரண்டாவது, மகள் பால்குடி மறந்த வருடம். நார்ம் ஊசிப்போகாது, எத்தனை வருடமானாலும் காத்திருக்கும். காத்திருந்தது. மகள் இப்போது காலேஜுக்குப் போகிறாள்.

நடுவில் என்ன ஆயிற்று என்றால், ஒன்றுமே ஆகவில்லை. போட்டி வந்தால் லீவு கிடைக்காது. லீவு கிடைத்தால் மாமியாருக்கு உடம்புக்கு முடியாது. எல்லாம் கூடிவந்தால் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் குறைவார். துணி மடிக்கும்போது மனசுக்குள் குதிரையை நகர்த்துவாள். குழம்பில் இரண்டுதரம் உப்பு விழுந்தால், "இன்னைக்கு யாரோட ஆட்டம்?" என்று மட்டும் புருஷன் கேட்பார். அவர் தண்ணீர் லாரி ஓட்டுபவர். குதிரை எப்படித் தாவும் என்பது இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை.

இந்த வருடம் போட்டி அவள் ஊருக்கே வந்தது. மற்றவர்களின் ராத்திரி டியூட்டியையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்து லீவு சேர்த்து வைத்திருந்தாள். ஆடினாள். இத்தனை வருட ஆசை விரல்நுனியில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி ஆடினாள். எட்டாவது சுற்றில் அவள் கை ஓங்கியிருந்தபோது எதிராளி டிரா கேட்டாள். ஒத்துக்கொண்டால் நாளைக்கும் ஒரு டிரா, அதாவது அரைப் புள்ளி, போதும். இருக்கிறதைப் பத்திரப்படுத்தியே பழகிய குடும்பக்காரி அல்லவா, கை கொடுத்துவிட்டாள்.

கடைசிச் சுற்றில் அவளுக்கு வெள்ளைக் காய். சிப்பாயை நகர்த்திக் கடிகாரத்தை அமுக்கினாள். எதிர் நாற்காலி காலி. அதில் வந்து உட்கார வேண்டியவள் வெளிநாட்டுப் பெண், பட்டம் வாங்கியவள்.

"ஓசியிலயே ஒரு புள்ளி. உங்களுக்கு யோகந்தான்" என்றார் பக்கத்து மேஜைக்காரர். அவரை அறையலாம் போலிருந்தது அவளுக்கு. எதிராளி வராவிட்டால் போட்டிப் பட்டியலில் முழுப் புள்ளி ஏறும், சரி. நார்ம் கணக்கில் அது சேராது. கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தோற்றிருந்தாலும் நார்ம் கிடைத்திருக்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள். இவளுக்கு அரைப் புள்ளி தேவை. அதை ஆடித்தான் வாங்க வேண்டும்.

நடுவர் வந்து குனிந்தார். "அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சலாம்மா. ஓட்டல் ரூம்ல படுத்திருக்கு. வரப் பாக்குறேன்னு சொல்லுச்சு. அரைமணி நேரம் பாப்போம், அதுக்கப்புறம் கடிகாரத்த நிறுத்திடுவேன்."

அவள் எழுந்து வெளியே வந்தாள். வராந்தாவில் புருஷன் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"லாரி வெளியதான நிக்குது? ஒரு எட்டு போய் அந்தப் பொண்ணக் கூட்டியாந்துடறேன். வந்து ரெண்டு காய நகத்திட்டு, டிரான்னு கை குடுத்துட்டுப் போகட்டும்."

போங்க என்று சொல்ல அவளுக்கு நாக்குத் துடித்தது. வாழ்க்கையில் வேறெதையும் அவள் அப்படி ஆசைப்பட்டதில்லை, மகளைக்கூட.

"வேணாங்க. காய்ச்சல்காரங்கள நான் தெனம் பாக்குறேன். நிமுந்து நிக்கக்கூட முடியாது அவங்களால."

"அவளாவே வந்தா?"

"வந்தா ஓடிப்போய்க் கதவத் தொறந்து விடுவேன்."

திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பலகையைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தாள். அது திறக்கும்போதெல்லாம் பாதி எழுந்தாள். தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். மறந்துவிட்டுப் போன கண்ணாடியை யாரோ வந்து எடுத்துப் போனார்கள். நடுவர் வந்து கடிகாரத்தை நிறுத்தினார். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, "நேத்து ஜெயிச்சிருந்தீங்கன்னா, இவங்க வராமலே உங்களுக்குக் கெடச்சிருக்கும்மா" என்றார். அது அவளுக்குத் தெரியாதா என்ன?

ஓசிப் புள்ளியின் புண்ணியத்தில் மூன்றாவது பரிசு. மேடையில் கோப்பை கொடுத்துக் கைதட்டினார்கள். லாரியில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை உடைந்துவிட்டது.

"கோப்பைய மடில வெச்சுக்கிட்டு அழுறவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்" என்றார் புருஷன்.

"நேத்து அவ டிரா கேட்டப்போ நான் ஜெயிக்கிற மாதிரிதாங்க இருந்துச்சு."

"மறுபடி எப்ப வரும்?"

"தெரியல."

லாரியைக் கிளப்பினார். பிறகு, "அந்தக் குதிரை எப்படித் தாவும்னு இன்னொரு தரம் சொல்லு" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். இந்தத் தடவையும் அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் டியூட்டி. இருமல்காரப் பெரியவர் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றார்.

"மூச்ச இழுத்துப் புடிங்க."

பெரியவர் பிடித்தார். படம் விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. உடம்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த நோயாளிதான். அவள் இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால், பெரியவர் மூச்சைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.